முதலில் தொலைந்து போங்கள்

ஒட்டன்சத்திரத்தில் மொட்டை மாடி ஏறித் தெற்கே திரும்பினால் மலை தெரியும். பழநி மலைத்தொடர். ஊருக்குக் காம்பவுண்டு சுவர் எழுப்பியமாதிரி சாம்பல் நிறத்தில் நீளமாக நிற்கும். கொடைக்கானல் அதற்கு மேலேதான், கொஞ்சம் மேற்கே தள்ளி இருக்கிறது. மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தால் சுமார் நாற்பது கிலோமீட்டர். ஆனால் நேராகப் போய்விட முடியாது. பழநிக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு ஏறவேண்டும். இல்லாவிட்டால் வடகாடு, பாச்சலூர், தாண்டிக்குடி என்று மலைக்குள்ளேயே வளைந்து வளைந்து போகவேண்டும். கண்ணுக்கு எட்டியது காலுக்கு எட்டாது.

1821-ல் இந்த மலையை அளக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். லெஃப்டினென்ட் பெஞ்சமின் ஸ்வைன் வார்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்வே உத்தியோகஸ்தர். திருவாங்கூர், கொச்சி சீமைகளையெல்லாம் ஏற்கெனவே அளந்து முடித்த ஆசாமி. வெள்ளகெவிப் பக்கமாக மேலே ஏறி, மலையை அளந்து, மேப் போட்டு, அறிக்கை எழுதினார். குணா குகை என்று நாம் சொல்கிற டெவில்ஸ் கிச்சனைக்கூட முதலில் குறித்துவைத்தவர் அவர்தான் என்பார்கள். 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவது புத்தகக்காரர்களின் வழக்கம். பளியரும் புலையரும் குன்னுவரும் அதற்குப் பல தலைமுறை முன்பே அங்கே குடியிருந்தார்கள். அவர்களுக்கு வழி தெரியும், எனவே மேப் தேவைப்படவில்லை.

சரி, வார்டு மேப் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாளே எல்லோரும் பெட்டி படுக்கையோடு ஏறிவிட்டார்களா? ம்ஹும். மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலிலும் காலராவிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். குளிர்ச்சியான இடம் தேடி முதலில் அவர்கள் போனது சிறுமலைக்கு. அங்கே மலைக்காய்ச்சல் அடித்துத் துரத்தியது. திரும்பி வந்து யோசித்து, 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். 1875-ல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. இன்றைக்கு அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் கொடைரோடு. அதற்குப் பிறகும் அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் போய், நடந்தோ, கூலிகள் தூக்கும் நாற்காலியில் உட்கார்ந்தோதான் மலை ஏறவேண்டும். மோட்டார் வண்டி ஏறும் பாதை கிடைப்பதற்குள் முதல் உலகப் போரே வந்துவிட்டது.

கிட்டத்தட்ட நூறு வருஷம். மலை அப்படியேதான் இருந்தது. ஏறுகிறவன் கையில் இருந்த சாமான்தான் மாறிக்கொண்டே வந்தது.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகை வீடியோ கேமுக்கு மொத்த இலக்கணமும் அதுதான்.

என் அக்கா மகன் ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறான். இன்ஜினியரிங் மூன்றாவது வருஷம். துப்பாக்கி, கார், கிரிக்கெட் என்று ஒரு கேம் விடாமல் ஆடுகிறவன். சமீபத்தில் 'ஹாலோ நைட்' என்று ஒரு கேம் வாங்கி, ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஸ்டீம் என்கிற இன்டர்நெட் கடையில் அப்படியொரு வசதி உண்டு. வாங்கிப் பதினாலு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் வாபஸ். ஏன்டா என்று கேட்டேன்.

"எங்க போகணும்னே சொல்ல மாட்டேங்குது மாமா. ஒரு அம்புக்குறி கெடயாது, மேப் கெடயாது. சுத்திச் சுத்தி அதே எடத்துக்கே வருது. நடுவுல அடி வேற."

அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. சிக்கல் என்னவென்றால், அவன் புகாராகச் சொன்ன அத்தனையையும் வேண்டுமென்றே, மெனக்கெட்டு, வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்து வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிப் பேர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். தொலைந்து போவதற்குக் காசு! இந்த விசித்திரம் எங்கே ஆரம்பித்தது என்று பார்த்துவிட்டால் ஆடுவது சுலபமாகிவிடும் என்பது என் கட்சி.

அது ஆரம்பித்தது ஒரு நிஜக் குகையில்.

அமெரிக்காவின் கென்டகி மாகாணத்தில் மம்மத் குகை என்று ஒன்று உண்டு. உலகத்திலேயே நீளமான குகை. இதுவரை அளந்ததே 670 கிலோமீட்டருக்கு மேல். இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள். எழுபதுகளில் அப்படி அளந்தவர்களில் ஒரு ஜோடி வில் கிரௌதரும் அவர் மனைவி பெட்ரீஷியாவும். கிரௌதருக்கு வேலை பி.பி.என். என்ற கம்பெனியில். இன்றைய இன்டர்நெட்டுக்குத் தாத்தாவான அர்பாநெட்டைக் கட்டிய கம்பெனி அது. பகலில் கம்ப்யூட்டர்களை இணைப்பது, லீவு கிடைத்தால் குகைக்குள் ஊர்ந்துபோவது. எடுத்துவந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் குகைக்கு மேப் வரைவது. வார்டு துரை இதைப் பார்த்திருந்தால் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து சேர்ந்திருப்பார்.

பெட்ரீஷியா மெலிந்த உடம்புக்காரர். மற்றவர்கள் நுழைய முடியாத இடுக்கில் அவர் நுழைந்து அந்தப் பக்கம் போனார். 1972 செப்டம்பர் 9-ம் தேதி, பிளின்ட் ரிட்ஜ் குகையும் மம்மத் குகையும் ஒன்றுதான் என்று நிரூபித்த குழுவில் அவரும் ஒருவர். குகைக்காரர்கள் உலகத்தில் இது எவரெஸ்ட் ஏறியமாதிரி.

சில வருஷங்களில் புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிட்டார்கள். கிரௌதருக்குக் குகைக்குப் போகவும் மனசில்லை. இரண்டு பெண் குழந்தைகள். அப்பாவைப் பார்க்க வரும்போது அவர்களோடு சேர்ந்து விளையாட ஏதாவது வேண்டும். 1975-76 வாக்கில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினார். பெயர் 'அட்வென்ச்சர்'. படமே கிடையாது. திரையில் வெறும் எழுத்து. நீங்கள் ஒரு சின்னக் கட்டடத்துக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று சொல்லும். போ, எடு, திற என்று டைப் அடித்தால் அதன்படி நடக்கும். கட்டடத்துக்குள் சாவியும் விளக்கும் இருக்கும். வெளியே ஓடைப் பள்ளத்தில் பூட்டிய இரும்புக் கிராதி ஒன்று இருக்கும். சாவியை எடுக்காமல் போனால் கிராதி வரை போய்விட்டுத் திரும்பவேண்டியதுதான். கிராதிக்குக் கீழே குகை.

அந்தக் குகை கற்பனை இல்லை. மம்மத் குகைத் தொகுதியில் பெட்குவில்ட் என்று ஒரு பகுதி. கிரௌதர் ஊர்ந்து ஊர்ந்து அளந்த இடம். அதை அப்படியே கேமுக்குள் இறக்கிவிட்டார். குள்ளன், மந்திரச்சொல் என்று குழந்தைகளுக்காகக் கொஞ்சம் மசாலா. மற்றபடி வழிகள் நிஜ வழிகள்.

குழந்தைகள் ஆடினார்கள். புரோகிராம் அர்பாநெட்டில் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் என்ற இளைஞர் கண்ணில் பட்டது. எழுதியவர் யாரென்று தேட, நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டருக்கும் 'கிரௌதர்' என்று முகவரி போட்டுக் கடிதம் அனுப்பிப் பிடித்தார். அனுமதி வாங்கி 1977-ல் கேமைப் பெரிதாக்கினார். இந்த கேம் வந்ததில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் துறையே இரண்டு வாரம் வேலை கெட்டு உட்கார்ந்துவிட்டது என்று ஒரு ஜோக் உண்டு.

ஆடியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். பேப்பரும் பென்சிலும் எடுத்து மேப் போட்டார்கள். எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்கிற புதிர்ப்பாதை ஒன்று வரும். அங்கே கையிலிருந்த பொருள்களை அறைக்கு ஒன்றாகப் போட்டுவைத்து, 'பாட்டில் கிடக்கிற அறை, சாவி கிடக்கிற அறை' என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். கேம் அவர்களுக்கு வழி சொல்லவில்லை. அவர்களே சர்வேயர் ஆனார்கள்.

அடுத்த ஆள் வாரன் ராபினெட். அடாரி கம்பெனியில் வேலை. ஸ்டான்ஃபோர்டில் இந்தக் குகை கேமைப் பார்த்துவிட்டு, இதையே டிவியில் படமாகச் செய்தால் என்ன என்று கேட்டார். பாஸ், வேண்டாம் என்றார். நியாயம்தான், அடாரி கேசட்டில் இருந்த இடம் வெறும் 4 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் பூப்படம்கூட அதற்குள் அடங்காது. ராபினெட் பாஸ் பேச்சைக் கேட்காமல் செய்து முடித்தார். 1980-ல் வந்தது. தங்கச் சாவிக்குத் தங்கக் கோட்டை, கறுப்புச் சாவிக்குக் கறுப்புக் கோட்டை. நடுவில் ஒரு வௌவால் வந்து கையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பத்து லட்சம் விற்றது. கேமில் செய்தவர் பெயர் போடுகிற வழக்கம் அடாரியில் கிடையாது. எனவே ராபினெட், யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசிய அறை வைத்து, தன் பெயரை அதற்குள் எழுதிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு பதினைந்து வயதுப் பையன் அதைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் போட்ட பிறகுதான் முதலாளிகளுக்கே தெரிந்தது.

இப்போது ஜப்பானுக்குப் போகவேண்டும். ஏனென்றால் நாம் தேடுகிற கேம் அதன் முழு உருவத்தில் பிறந்தது அங்கேதான்.

1985-ல் நின்டென்டோ கம்பெனி 'சூப்பர் மாரியோ'வை விட்டது. உலகத்துக்கே தெரிந்த கதை. மாரியோ இடமிருந்து வலமாக ஓடுவார். திரையும் அவரோடு ஓடும். திரும்பி இடது பக்கம் போகலாமென்றால் முடியாது, திரை நகராது. போனது போனதுதான். உலகக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் இந்த ஒரே பாடம் மண்டையில் ஏறியது: வலது பக்கம் போ.

1986 ஆகஸ்ட் 6-ம் தேதி அதே நின்டென்டோ, 'மெட்ராய்டு' என்ற கேமை வெளியிட்டது. கேம்பாய் செய்த குன்பே யோகோயின் குழுவுடைய வேலை. வேற்று கிரகம், பாதாளச் சுரங்கம், கவசம் போட்ட வீரர். ஆரம்பித்தவுடன் பிள்ளைகள் வழக்கப்படி வலது பக்கம் ஓடினார்கள். கொஞ்ச தூரத்தில் தரையோடு தரையாக ஒரு சின்னச் சந்து. ஆள் நுழைய முடியாது. குதித்துப் பார்த்தார்கள், சுட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

விடை, ஆரம்பித்த இடத்துக்கு இடது பக்கத்தில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் ஒரு உருண்டை. அதை எடுத்துக்கொண்டால் வீரர் பந்தாகச் சுருண்டுகொள்ள முடியும். சுருண்டால் சந்துக்குள் போகலாம்.

இவ்வளவுதான் சமாசாரம். வில்லத்தனமாகத் தெரிகிறதா? எனக்கு இது வீடியோ கேம் சரித்திரத்தின் ஆகச் சிறந்த முதல் நிமிஷம் என்று தோன்றுகிறது. இங்கே முன்னே போவதற்குப் பின்னே போகவேண்டும் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அந்த கேமுக்குள் மேப்பும் கிடையாது. பிள்ளைகள் கட்டம் போட்ட நோட்டில் வரைந்தார்கள். முடிவில் வீரர் ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே இருந்தது ஒரு பெண். 1986-ல் அது பெரிய அதிர்ச்சி.

நம் ஊர்க் கதை வேறு. தொண்ணூறுகளில் இங்கே வந்தவை மீடியா மாதிரியான பெயர்களில் விற்ற நின்டென்டோ நகல்கள். 'டிவி கேம்' என்போம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட் கமிஷன் மண்டிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொந்தமாக இருக்கும். மற்றவர்கள் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்துக் கடையில் ஆடுவோம். கேசட்டின் மேல் நூறு கேம், ஆயிரம் கேம் என்று போட்டிருக்கும். உள்ளே நிஜத்தில் இருப்பது ஐந்தோ ஆறோ, அதுவே பெயர் மாறி மாறி வரும். மாரியோ, கான்ட்ரா, சர்க்கஸ், டாங்கி. எல்லாம் சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று முடிகிற சரக்கு. மெட்ராய்டு ஜப்பானில் கேசட்டாக இல்லாமல் டிஸ்க்கில் வந்த கேம். அமெரிக்கக் கேசட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர நீளமான பாஸ்வேர்டை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்த எந்த ஆயிரம்-கேம் கேசட்டிலும் அது இருந்ததில்லை. இருந்திருந்தாலும், மணிக்கு இவ்வளவு என்று கடிகாரம் ஓடும்போது எவன் இடது பக்கம் போய்ப் பார்ப்பான்?

ஆக, நம்மில் ஒரு தலைமுறைக்கே வலது பக்கம் ஓடத்தான் தெரியும். அடுத்த தலைமுறைக்கு செல்போனில் கூகுள் மேப் வழி சொல்கிறது. நடுவில் இந்த வகை கேம் ஒன்று வளர்ந்து பெரிசாகி நின்றது நம் பார்வைக்கே வரவில்லை.

1994-ல் வந்த 'சூப்பர் மெட்ராய்டு' இந்த வித்தையை மெருகேற்றியது. மேப் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு இடம். ஆழமான கிணறு மாதிரி ஒரு பள்ளத்தில் விழுந்துவிடுவீர்கள். ஏற வழியில்லை. பக்கத்தில் மூன்று குட்டிப் பிராணிகள். அவை சுவரில் உதைத்து எதிர்ச் சுவருக்குத் தாவி, அங்கே உதைத்து இங்கே தாவி மேலே ஏறிக்காட்டும். நீங்களும் பார்த்துச் செய்யவேண்டியதுதான். அந்த வித்தை ஆரம்பத்திலிருந்தே உங்கள் கையில் இருந்திருக்கிறது. இருப்பது தெரியாது, அவ்வளவே.

1997-ல் அடுத்த திருப்பம். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, நான் பி.காம். படித்தவன் என்பதால். கொனாமி கம்பெனியில் கோஜி இகராஷி என்ற இளைஞர். டிராகுலா கோட்டைக் கதையான 'காசில்வேனியா' வரிசை அவர்கள் சொத்து. நேர்கோட்டு கேம். கைதேர்ந்தவர்கள் சீக்கிரமே முடித்துவிட்டுப் பழைய சாமான் கடையில் போட்டுவிடுவார்கள். அப்படித் தள்ளுபடிக் கூடையில் கிடக்கும் தங்கள் சரக்கைப் பார்த்துத்தான் இகராஷி யோசித்தார். ஆடுகிறவன் சீக்கிரத்தில் முடித்துக் கைமாற்றிவிடாமல் ரொம்ப நாள் வைத்திருக்க என்ன வழி? புதிது புதிதாக லெவல் கட்டினால் செலவு. ஒரே பெரிய கோட்டையாகக் கட்டி, அதற்குள்ளேயே திரும்பத் திரும்ப நடக்கவிட்டால்? புது சக்தி கிடைக்கக் கிடைக்கப் பழைய இடத்திலேயே புதுக் கதவு திறந்தால்? 'சிம்ஃபனி ஆஃப் தி நைட்' பிறந்தது. முடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது அதே கோட்டை தலைகீழாக வரும். இருக்கிற சொத்தை வைத்தே இரட்டை வருமானம். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடுவார்.

மெட்ராய்டையும் காசில்வேனியாவையும் ஒட்டவைத்து 'மெட்ராய்ட்வேனியா' என்று இந்த வகைக்குப் பிற்பாடு பெயர் வந்தது. பெயர் மட்டம். பொருள் நல்ல பொருள்.

அப்புறம் பெரிய கம்பெனிகளுக்கு ஆர்வம் குறைந்தது. தனி ஆட்கள் கையில் எடுத்தார்கள். டைசுகே அமாயா என்ற ஜப்பானியர் ஒற்றை ஆளாக ஐந்து வருஷம் உழைத்து 2004-ல் 'கேவ் ஸ்டோரி'யை இலவசமாகக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாலைந்து பேர் சேர்ந்து, 2014-ல் பொதுமக்கள் 2,158 பேரிடம் 57,138 ஆஸ்திரேலிய டாலர் திரட்டி, 2017-ல் ஒரு கேமை வெளியிட்டார்கள். அதுதான் என் அக்கா மகன் திருப்பிக் கொடுத்த ஹாலோ நைட். அதன் அடுத்த பாகமான 'சில்க்சாங்' 2025 செப்டம்பர் 4-ம் தேதி வந்தபோது கூட்டம் தாங்காமல் இன்டர்நெட் கடைகளே படுத்துவிட்டன. அன்றைக்குத்தான் பல புது ஆட்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். வந்தவர்களில் நிறையப் பேர் உதை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். முதல் பாகத்தைவிட அது கடுசு.

ஹாலோ நைட்டில் மேப் எப்படிக் கிடைக்கும் தெரியுமா? இறந்துபோன ஒரு பூச்சி ராஜ்ஜியம். நீங்கள் ஒரு குட்டிப் பூச்சி வீரன். புது இடத்துக்குள் போனால் ஒன்றுமே தெரியாது. எங்கேயோ யாரோ ஹம்மிங் செய்கிற சத்தம் கேட்கும். தரையில் கசங்கிய காகிதங்கள் கிடக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு குண்டு ஆசாமி உட்கார்ந்து மேப் வரைந்துகொண்டிருப்பார். பெயர் கார்னிஃபர். காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதிலும் பாதிதான் இருக்கும். மீதியை நீங்கள் நடந்து பார்த்து நிரப்பவேண்டும். நிரப்ப இறகுப் பேனா தனியே வாங்கவேண்டும். அதை விற்பவர் அவர் மனைவி. நல்ல குடும்பம். மேப்பில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியவேண்டுமா? அதற்குத் திசைகாட்டி தனி. செத்தால் கையிலிருந்த காசெல்லாம் செத்த இடத்தில் ஒரு நிழலாக நிற்கும். திரும்பப் போய் அதை அடித்து வசூலிக்கவேண்டும். போகிற வழியில் மறுபடி செத்தால் வாராக்கடன்.

இதற்குள் புதிதாக நுழைகிறவர், முதல் இரண்டு மூன்று மணி நேரம் தன்னை ஒரு நோஞ்சான் என்று ஒப்புக்கொண்டுவிடவேண்டும். மற்ற கேம்களில் முதல் நிமிஷமே நீங்கள் சூப்பர் ஸ்டார். இங்கே கையில் ஒரு ஆணி. தாவ முடியாது, பறக்க முடியாது. பார்க்கிற கதவெல்லாம் மூடியிருக்கும். மூடியிருக்கிற கதவுக்கு 'முடியாது' என்று அர்த்தமில்லை, 'இப்போது முடியாது' என்று அர்த்தம். எட்டாத மேடு, தாண்ட முடியாத முள், விநோதமான நிறத்தில் ஒரு சுவர், எல்லாவற்றையும் குறித்துவைத்துக்கொண்டு நகரவேண்டியதுதான். ஒரு நோட்டு வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. 2024-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரௌன்' கேமில் அந்த இடத்தைப் போட்டோ எடுத்து மேப்பிலேயே குத்திவைத்துக்கொள்ளலாம். நாற்பது வருஷம் பென்சிலால் செய்த காரியத்துக்கு ஒருவழியாக ஒரு பட்டன் வந்தது.

பெரிய அரக்கன் ஒருத்தன் வழிமறித்து, பத்து தடவை கொன்றுவிட்டானா? நேர்கோட்டு கேமாக இருந்தால் அவனோடேயே மல்லுக்கு நிற்கவேண்டும். இங்கே பெரும்பாலும் அவனை அங்கேயே விட்டுவிட்டு வேறு பக்கம் போகலாம். சிறுமலைக் காய்ச்சலில் திரும்பி வந்தவர்கள் கொடைக்கானல் போகவில்லையா? வேறு பக்கம் ஒரு புது சக்தி கிடைக்கும், ரத்தம் கொஞ்சம் கூடும். திரும்பி வரும்போது அதே அரக்கன் பாதியாகத் தெரிவான்.

ஒரே வழியில் பத்து முறை நடப்பது போரடிக்காதா என்று கேட்பார்கள். மோசமான கேமில் அடிக்கும். நல்ல கேமில் மூன்றாம் முறை வரும்போது உள்ளிருந்து ஒரு தாழ்ப்பாள் திறக்கும், ஒரு லிஃப்ட் இறங்கும். முதலில் அரை மணி பிடித்த வழி இரண்டு நிமிஷமாகிவிடும். தன் ஊர்ச் சந்துகளை ஒரு பையன் தெரிந்துகொள்கிற மாதிரிதான் இது. யாரும் மேப் கொடுத்து நமக்குக் காட்டவில்லை.

யூடியூபில் வழி பார்க்கலாமா? ஒரு மணி நேரம் முட்டிய பிறகு பார்த்தால் பாவமில்லை. முட்டுவதற்கு முன்பே பார்ப்பது, விடுகதை போட்டவர் வாய் மூடுவதற்குள் விடையைக் கேட்கிறமாதிரி. எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் ஹாலோ நைட்டைச் சொல்லமாட்டேன். சில்க்சாங்கைச் சொல்லவே மாட்டேன். அந்த பாரசீக இளவரசன் கொஞ்சம் இரக்கமுள்ளவன். அடுத்து எங்கே போகவேண்டும் என்று மேப்பில் காட்டும் வசதியைக்கூடப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்குள் பணம் வாபஸ் என்ற விதியைத்தான் இந்த வகை கேமுக்கு யாராவது ஐந்து மணி நேரமாக மாற்றித் தொலைத்தால் தேவலை. மெட்ராய்டின் முதல் உருண்டையே சில பேருக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிடைத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கேமில் விழுந்தால் பெஞ்சில் எழுந்துகொள்ளலாம். 2006-ல் கொச்சிப் பக்கத்து மஞ்ஞும்மல்லிலிருந்து டூர் வந்த பையன்களில் ஒருவர் குணா குகைப் பிளவில் விழுந்து, நண்பர் ஒருவர் கயிற்றில் இறங்கித் தூக்கிவந்த கதையை 2024-ல் படமாகவே பார்த்துவிட்டோம். அந்தக் கம்பி வேலிக்கு இப்பாலேயே நில்லுங்கள். அந்தக் கதவு எந்தச் சாவிக்கும் திறக்கவேண்டாம்.

சரி, இப்படி மணிக்கணக்காகப் பொய்க் குகையில் சுற்றி என்ன பிரயோஜனம் என்று அக்கா கேட்டாள். அம்மாக்கள் கேட்பார்கள். அவளுக்கு நான் சொன்னது பெட்குவில்ட் கதையை.

கிரௌதரின் கேம் பிரபலமான பிறகு ஒருமுறை, மெல் பார்க் என்ற குகை ஆராய்ச்சிக்காரர் சர்வே வேலைக்காகச் சிலரைக் கூட்டிக்கொண்டு பெட்குவில்டுக்குப் போனார். குழுவில் ஒரு பெண். அந்தக் குகைக்கு அதுவரை வந்ததே இல்லை. ஆனால் கேமைக் கரைத்துக் குடித்தவர். கேமில் வருகிற குகை இதுதான் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே இது வரும், அங்கே அது வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் மெல் பார்க்கே போயிராத ஒரு சந்துக்குள் திடீரென்று நுழைந்து, பார்த்துவிட்டு வந்து, நினைத்த மாதிரியேதான் இருக்கிறது என்றார். வேலை முடிந்தது. அது பழகினவர்களையே குழப்பிவிடுகிற குகை. மெல் பார்க் ஒதுங்கிக்கொண்டு, நீ முன்னால் போ என்று அந்தப் பெண்ணிடம் விட்டார். எல்லோரும் பின்னால் ஊர்ந்தார்கள். வெளியே வந்து சேரும்வரை அவர் ஒரு திருப்பம்கூடத் தப்பவிடவில்லை.